ஆளில்லாத நீர்மாலை

நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் நீர்மாலைக் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் மாவிலை, கழுத்தில் ஒரு சுற்றுப் பூ. தண்ணீர் விளிம்புவரை நின்றது. குளிப்பாட்டத்தான் ஆள் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உறவுக்கார ஆண்கள் ஆற்றுக்குப் போய் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் மொண்டு வருவார்கள். தலைக்கு மேலே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்திருப்பார்கள். முன்னால் சங்கு ஊதும். அந்தத் தண்ணீரில்தான் இறந்தவரைக் குளிப்பாட்டுவோம். அதுதான் நீர்மாலை. அப்பாவுக்கு அப்படி நடந்தது. தம்பிக்கும் அப்படியே கிளம்பிப் போய்விட்டார்கள். செய்தி வந்ததும் கை தன்பாட்டுக்குக் குடத்தை எடுத்திருக்கிறது. திரும்பி வந்து முற்றத்தில் இறக்கி வைத்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். தம்பி வெளிநாட்டுக் கடலுக்குள் கிடந்தான்.

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை.

"யாருக்குலே தண்ணி?" என்று மாமாவைக் கேட்டாள். மாமா அவளுடைய தம்பி. அவர்தான் முன்னால் நின்று குடம் எடுத்துக்கொண்டு வந்தவர். வேட்டியிலிருந்து இன்னும் ஆற்றுத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யக்கா, வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா."

"வழக்கம் செத்தவனுக்கு. செத்தவன எங்கன போட்டிருக்க? காட்டு."

மாமா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தோளிலிருந்து பையைக்கூட இறக்கியிருக்கவில்லை.

"கொண்டுபோய் முருங்கைக்கு ஊத்துங்க" என்றாள் அம்மா.

யாரும் அசையவில்லை. நீர்மாலைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா, கூடாதா என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. தண்ணீர் மிஞ்சிப்போகிற நிலைமை யாருக்கும் வந்ததில்லை. எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் மூச்சு சீராகும். மனதுக்குள் அடுக்கினேன். பந்தல்காரரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மாவைச் சாப்பிட வைக்க வேண்டும். கம்பெனிக்குப் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், இந்தக் குடங்கள் அவள் கண்ணில் படாமல் போக வேண்டும். ஒவ்வொன்றாகத் தூக்கி முருங்கை அடியில் ஊற்றினேன். மண் குடிக்காமல் தேங்கியதும் மீதியைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து வாழைக்கு ஊற்றினேன். பூவும் தண்ணீரோடு விழுந்தது.

தம்பி வெல்டர். வள்ளியூரில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, கடலுக்குள் நிற்கிற எண்ணெய்க் கிணற்று மேடை ஒன்றில் வேலைக்குப் போனான். அங்கே முறை மாறும்போது ஆட்களைப் படகில் பக்கத்துத் தீவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சிறிய விமானத்தில் கரைக்கு அனுப்புவார்கள். விடுமுறைக்காக அப்படிக் கிளம்பிய விமானத்தில்தான் அவன் இருந்தான். அதே கடலுக்கு மேலே இன்னொரு சிறிய விமானம் அளவை வேலைக்காகப் படம் எடுத்தபடி, வயலில் ஏர் ஓட்டுவதுபோல, போவதும் திரும்புவதுமாக இருந்தது. இரண்டும் மோதிக்கொண்டன. இரண்டிலும் யாரும் பிழைக்கவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஒரு விமான நிலையத்தில் வேலை. ஊரில் எனக்கு 'பிளேன் வேலை பாக்குத பிள்ளை' என்று பெயர். நான் பார்ப்பது பிளேனை அல்ல. தரையில் இருக்கிற வானொலிக் கருவிகள், ஆன்டெனா, அவற்றின் மின்சாரம், அவற்றின் குளிர்சாதனம். விமானங்கள் எனக்குத் தலைக்கு மேலே போகிற சத்தம் மட்டும்தான். ஆனால் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டது ஒரே கேள்வி. எப்படி மோதும்?

அம்மா அதை ஒருநாள் காலையில், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"இம்புட்டுப் பெரிய வானத்துல ரெண்டே ரெண்டு பிளேன். அது ரெண்டும் போய் முட்டணும்னா எப்படிட்டி?"

"வானம் பெருசுதாம்மா. ஆனா எல்லாரும் ஒத்தை வரப்புலதான் நடக்காங்க. வயல் எம்புட்டு அகலமா இருந்தாலும் நாம வரப்புலதான நடக்கோம்? அப்படி."

அவள் ஒரு கொத்துக் கீரையை உருவி முடித்தாள்.

"வரப்புல எதுக்க ஆள் வந்தா ஒருத்தர் வயல்ல இறங்கி வழிவிடுவோம்லா? அங்க விட மாட்டாகளா?"

"அதுக்குத்தான் ஆளுக்கு ஒரு உயரம் குடுத்திருப்பாங்க. ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ."

விசாரணையில் வந்த முதல் தகவல்களை ஆங்கிலத்தில் படித்து அவளுக்குச் சொல்வது என் வேலையாகியிருந்தது. கரைக்கு வெகுதூரத்தில் ராடாருக்கு எட்டாது. எங்கே, எந்த உயரத்தில் போகிறோம் என்பதை விமானி வாயால்தான் சொல்ல வேண்டும். உயரத்தைக் காட்டுகிற மானி காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். அழுத்தம் நாளுக்கு நாள் மாறும். புறப்படும்போது அன்றைய அளவுக்கு மானியைத் திருகி வைக்க வேண்டும். ஒரு விமானத்தில் அது பழைய அளவிலேயே இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். மானி காட்டிய உயரம் ஒன்று, விமானம் பறந்த உயரம் வேறு. கீழே போவதாக நினைத்தவர் அதே உயரத்தில் நேர் எதிரே போயிருக்கிறார். அன்று மேகம் வேறு.

"அப்ப ரெண்டு பேருமே நாம சரியாத்தான் போறோம்னு நெனச்சிருப்பானுவ."

"ஆமாம்மா."

"பாவம்" என்றாள். அந்த விமானிகளைத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அது யாருடைய தவறு என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றில் மட்டும் அவள் அசையவே இல்லை. கடலிலிருந்து சிலவற்றை மேலே எடுத்திருந்தார்கள். முழுதாக எதுவும் இல்லை. எது யாருடையது என்று தெரிய மரபணுச் சோதனை செய்ய வேண்டும். பெற்றவர்களின் கன்னத்துக்கு உட்புறம் ஒரு பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தால் போதும். பாளையங்கோட்டையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்குப் போனால் அரைமணி நேர வேலை. நான் முதலிலேயே போய் என்னுடையதைக் கொடுத்துவிட்டு வந்தேன். கூடப் பிறந்தவள் கொடுத்தது மட்டும் போதாது, கிடைத்தவை மிகச் சிறியவை, தாயுடையது வேண்டும் என்று பதில் வந்தது. அப்பா இல்லை. அம்மாதான் கொடுக்க வேண்டும்.

"தர மாட்டேன்" என்றாள்.

"ஒரு குச்சிதாம்மா. வலிக்காது."

"வலிக்குன்னா சொன்னேன்? நான் எச்சி குடுத்தா எம்பிள்ளைய செத்தவன்னு எழுதிருவானுவ. நான் குடுக்காத வரைக்கும் எது யாரு பிள்ளைன்னு எவனுக்குத் தெரியும்?"

 அவள் சொன்னதில் தர்க்கம் இருந்தது. அந்த எச்சில் அவள் வாயிலேயே இருக்கும்வரை அவன் சாகவில்லை.

மாமா வந்து பேசிப் பார்த்தார். பதினாறாம் நாள் காரியம் கழிக்காமல் கிடக்கிறது, வீட்டுக்கு ஆகாது, அவன் ஆத்மா அலையும் என்றார்.

"உன் மாமியா செத்து வீட்ல வெளக்கு எரிஞ்சிட்டு இருக்கும்போதே அம்பாசமுத்திரத்துக்குப் படம் பாக்கப் போனவன்தானல நீ. எனக்கு ஆத்மாவச் சொல்ல வந்துட்டான்."

"அது... சின்ன வயசு யக்கா."

"இப்ப மட்டும் என்ன, மூப்பு வந்தாப்புல புத்தியும் வந்துட்டோ?"

மாமா சிரித்துவிட்டார். அம்மாவும் லேசாகச் சிரித்தாள். அந்த வீட்டில் அந்த மாதத்தில் கேட்ட ஒரே சிரிப்பு அது. பிறகு மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தம்பியைத் தோளில் வைத்துக் கோயில் கொடைக்குத் திருவிழா பார்க்கக் கூட்டிப் போனவர் அவர்தான்.

அம்மா வழக்கம்போல நடவுக்குப் போனாள். துட்டி வீட்டுக்காரர்கள் கோயில் பக்கம் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். அம்மன் கோயில் கொடைக்கு அவள் போனாள். அடுப்புக்கட்டி மூன்றை வைத்துப் பொங்கல் பானை ஏற்றினாள். இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் பானையைப் பையத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

"துட்டி வீட்ல இருந்து வந்து பொங்கல் வைக்கலாமா மதினி?" என்று ஒருத்தி தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

"எந்த வீட்ல துட்டி?" என்றாள் அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே. "ஆள கொண்டாந்தாச்சா? குளிப்பாட்டியாச்சா? தூக்கியாச்சா? ஒண்ணும் இல்லல்லா. பொறவு என்ன துட்டி?"

பானை பொங்கியது. யாரும் குலவை போடவில்லை. அம்மா ஒற்றை ஆளாகப் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். என்னாலும் போட முடியவில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவில் நான் பேருந்தில் அலைந்துகொண்டிருந்தேன். வேலைக்குப் போனால் கருவிகளுக்கு முன்னால் நின்று அன்றாடச் சோதனைகளைச் செய்வேன். மின்னழுத்தம் சரி. அலைவரிசை சரி. மாற்றுக் கருவி சரி. விடுமுறை கிடைத்தால் ஊர். ஊருக்குப் போனால் அம்மாவிடம் அந்தக் குச்சியைப் பற்றி ஒருதடவை கேட்பேன். அவள் முடியாது என்பாள். பிறகு சாப்பிடுவோம்.

அந்த ஃபோன் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம். அம்மா அப்போதுதான் வயலிலிருந்து வந்து, காலில் சேற்றோடு முற்றத்தில் நின்றாள். கேரளத்திலிருந்து ஒரு பெண் பேசினார். அளவை விமானத்தில் படக்கருவியைப் பார்த்துக்கொண்டவன் அவருடைய மகன். கம்பெனியில் குடும்பங்களோடு பேசுவதற்கென்று இருந்தவர் என் அனுமதி கேட்டு எண்ணைக் கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு என்னோடு பேச வேண்டியிருக்கவில்லை. "அம்ம உண்டோ?" என்று கேட்டார்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். அவர் மலையாளத்தில் பேசினார், அம்மா நெல்லைத் தமிழில் கேட்டாள். நடுவில் புரியாததை மட்டும் நான் எடுத்துச் சொன்னேன். அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மோதின இடத்திலேயே இரண்டும் விழுந்திருக்கின்றன. மேலே எடுத்தது எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. ஒவ்வொரு வீடும் கொடுத்தால்தான் ஒவ்வொன்றையும் பிரிக்க முடியும். மற்ற எல்லா வீட்டிலும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேருடையவை மட்டும் சிதைந்துபோய்ப் பாதிதான் பொருந்துகின்றன, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒருவன் என் மகனாக இருக்கலாம். உங்கள் மகனாகவும் இருக்கலாம். நீங்கள் கொடுத்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் அவர்களால் யாருக்கும் எதையும் தர முடியாது. இதைத்தான் அவர் சொன்னார். குறை சொல்கிற தொனி இல்லை. இரவல் கேட்கிற மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

அம்மா ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"உங்க மவனுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?"

"இல்லா."

"எனக்கும் ஆவல" என்றாள். அவனுக்கு என்று சொல்லவில்லை. "என்ன சாப்பிடுவான்?"

அவர் ஏதோ சொன்னார். மீன் என்பது மட்டும் கேட்டது. இங்கே அம்மாவும் அங்கே அவரும் சேர்ந்து அழுதார்கள். தம்பிக்காக அம்மா அழுததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். நான் ஃபோனைப் பிடித்தபடி நின்றேன். 

மறுநாள் காலை பேருந்தில் பாளையங்கோட்டைக்குப் போனோம். பத்தமடை தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டாள். பரிசோதனைக்கூடத்தில் கையுறை போட்ட ஒரு பெண், வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுத்து, உறையில் போட்டு ஒட்டினாள்.

"முடிஞ்சிட்டா?" என்றாள் அம்மா.

"முடிஞ்சிட்டும்மா."

"பத்து மாசம் சுமந்து பெத்ததுக்கு இம்புட்டு எச்சி போதுமாக்கும்?"

அந்தப் பெண் உறையின் மேல் எழுதத் தொடங்கினாள். வெளியே வந்ததும் அம்மா ஒரு ஜவுளிக்கடையில் ஏறி, ஆண்கள் கட்டுகிற ஈரிழைத் துண்டு ஒன்று வாங்கினாள். நான் மாமாவுக்கு என்று நினைத்தேன். அவரைத் திட்டினதற்கு ஈடாக இருக்கும் என்று.

முடிவு எனக்கு மின்னஞ்சலில் வந்தது. வேலை இடத்தில் படித்தேன். முதலில் வேகமாக, பிறகு வரி வரியாக. சந்தேகமாக இருந்த இரண்டில் ஒன்று அந்தக் கேரளத்துப் பையன். மற்றொன்று தம்பி வந்த விமானத்தின் துணை விமானி. எடுத்தவை எல்லாவற்றுக்கும் ஆள் தெரிந்துவிட்டது. தம்பியுடையது எதுவும் இல்லை. தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அன்று செய்ய வேண்டியிருந்த சோதனைகள் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன். ஒன்றை விட்டாலும் எல்லாம் கைவிட்டுப் போய்விடும் போல் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முகத்தில் நான் பயந்த வெளிச்சம் வந்தது.

"அப்ப அவன் அங்கன இல்ல."

"அவனோடது எதுவும் கிடைக்கலம்மா."

"அதத்தான் சொல்லுதேன். அதுல அவன் இல்ல."

என்னால் பேசாமல் இருந்திருக்க முடியும். இல்லை என்று நிரூபிக்க யாரிடமும் இனி எதுவும் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அவள் சாகும்வரை அவன் எங்கோ இருந்திருப்பான். கொடைக்குக் கொடை அவள் ஒற்றையாகக் குலவை போட்டிருப்பாள். அவளும் அதைத் தெரிந்துகொண்டுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏளா, பேப்பர்ல எழுதியிருக்கத விடு. நீ சொல்லு. நீ பிளேன் வேலை பாக்கவ."

இதற்கு என்னென்ன சொல்லலாம் என்று வரும் வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் வந்திருந்தேன். எந்த உயரம், என்ன வேகம், என்ன ஆழம். எதையும் சொல்லவில்லை.

"அவன் வர மாட்டாம்மா" என்றேன்.

அம்மா எழுந்து போய் அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்தாள். 

சில நாள் கழித்துக் கேரளத்து அம்மா மறுபடியும் கூப்பிட்டார். மகன் வந்துவிட்டான், எல்லாம் முடிந்தது, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றார். எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அதிகம் பேசவில்லை.

அம்மா ஒன்றை மட்டும் கேட்டாள்.

"குளிப்பாட்டுனீங்களா?"

 அவர் பெட்டியைப் பற்றிச் சொன்னார். முத்திரை வைத்து மூடி வந்திருந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மேலே துணி போட்டுத் தொட்டுக் கும்பிட்டதோடு சரி.

"அப்ப உங்களுக்கும் இல்ல" என்றாள் அம்மா. ஃபோனை என்னிடம் தந்துவிட்டு முற்றத்துக்குப் போனாள்.

தம்பிக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடுமுறைக்கு வந்தால் நேரே வீட்டுக்கு வர மாட்டான். பேருந்தை விட்டு இறங்கிப் பெட்டியோடு படித்துறைக்குப் போய்விடுவான். ஒரு பாடு நீந்திக் குளித்த பிறகுதான் வீடு. யாராவது பார்த்துவிட்டு வந்து சொல்ல, அம்மா துண்டும் எண்ணெயும் சீயக்காயும் எடுத்துக்கொண்டு திட்டிக்கொண்டே ஓடுவாள். 'பெத்தவ மூஞ்சியப் பாக்குததுக்கு முன்ன ஆத்த பாக்கணுமோ துரைக்கு' என்பது அவளுடைய வரி. ஒவ்வொரு தடவையும் அதே வரி. அவன் சிரித்துக்கொண்டே குனிவான். அவள் படியில் நின்று தலையில் தேய்த்து விடுவாள்.

மறுநாள் விடிந்ததும் அம்மா என்னை எழுப்பினாள். இடுப்பில் ஒரு குடம். கையில் எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய், பாளையங்கோட்டையில் வாங்கிய துண்டு. மாமாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நீர்மாலைக்குப் பெண்கள் போவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. அவள் முன்னால் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆறு கரையோரம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முங்கி எழுந்து, அம்மா குடத்தை நிரப்பினாள். வீட்டுப்பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். அவள் ஆறு போகிற பக்கம் திரும்பி நின்றாள்.

"இது கடலுக்குத்தானட்டி போவுது?"

"ஆமாம்மா. புன்னைக்காயல்கிட்ட கடல்ல சேருது."

"அவன் அங்க வரைக்கும் போய்ட்டான். இங்க கொண்டாந்து குளிப்பாட்ட முடியாது. நாமதான் அனுப்பணும்."

அவன் விழுந்தது அந்தக் கடல் அல்ல. நடுவில் எத்தனை கடல் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் எத்தனை அணைக்கட்டு, எத்தனை கால்வாய், கடைசியில் எவ்வளவு தண்ணீர் முகத்துவாரம் சேருகிறது என்பதும் தெரியும். 

அம்மா முதலில் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தண்ணீரின் மேல் தடவினாள். தடவினாள் என்றுதான் சொல்ல வேண்டும். அது மெல்லிய நிறங்களாக விரிந்து நகர்ந்தது. பிறகு சீயக்காயைக் குடத்துத் தண்ணீரில் கரைத்தாள்.  குடத்தை என்னிடம் தந்து, "கூடப் பொறந்தவ நீ. ஊத்து" என்றாள்.

நான் குடத்தைச் சாய்த்தேன். ஊருக்கு வந்த அன்று முற்றத்தில் முருங்கைக்கு ஊற்றிய மாதிரியே, சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற மாதிரி, வேகமாகச் சாய்த்துவிட்டேன் போலிருக்கிறது. அம்மா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய இன்னொரு கை தண்ணீருக்கு மேலே, ஒரு நெற்றியை மறைக்கிற மாதிரி வளைந்து நின்றது.

"பைய ஊத்துட்டி" என்றாள். "கண்ணுல பட்டிரும்."

பைய ஊற்றினேன்.